வேல்ஸின் பழைய பத்திரிகைகள் தளம்: நான் தங்கிய விடுதியைத் தேடிப் போன கதை

வேல்ஸின் கடலோர ஊரான அபெரிஸ்ட்வித்தில் படித்த ஒரு வருடமும் அலெக்ஸாண்ட்ரா ஹாலில்தான் தங்கியிருந்தேன். கடற்கரைச் சாலையின் வடக்குக் கோடி. புயலடித்தால் அலை சாலையைத் தாண்டி வரும், மறுநாள் காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க உப்பு. அந்தக் கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டது என்று அப்போது யோசித்ததே இல்லை. பல வருடம் கழித்து, வேல்ஸ் தேசிய நூலகம் நடத்தும் பழைய பத்திரிகைகள் தளத்தில் சும்மா அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அன்று இரவு தூங்கும்போது மணி இரண்டு.

1896 ஜூன் மாதம். வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பொறுப்பேற்க இளவரசர் எட்வர்டு ஊருக்கு வந்திருக்கிறார். முதிய வயதில் முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனும் வந்திருக்கிறார். அதே நாளில் இளவரசி அலெக்ஸாண்ட்ரா திறந்துவைத்த பெண்கள் விடுதிதான் நான் துணி காயப்போட்ட அந்தக் கட்டடம்!

சரி, தளத்துக்கு வருகிறேன். 1919 வரை வெளியான வேல்ஸ் பத்திரிகைகள், 11 லட்சம் பக்கங்களுக்கு மேல், முழுக்க இலவசம். ஒரு செய்தியைத் தட்டினால் முழுப் பக்கத்தில் அது இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்விடும். பெரிதாக்கினால் மை ஊறிய எழுத்துகூடத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் வகைப்பிரிப்பு. செய்தி, விளம்பரம், குடும்ப அறிவிப்பு என்று பிரித்திருப்பதோடு, பட்டியல்களுக்கும் தேர்வு முடிவுகளுக்கும் தனி வகை வைத்திருக்கிறார்கள். கல்லூரி வரலாறு தேடுபவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

ஏனென்றால் அபெரிஸ்ட்வித் கல்லூரியின் கதையே நன்கொடைப் பட்டியல்களில்தான் இருக்கிறது. ரயில் பாதை ஒப்பந்தக்காரர் தாமஸ் சேவின், கட்டடக் கலைஞர் செடனை வைத்துக் கடலோரத்தில் ஒரு பிரம்மாண்ட ஹோட்டல் கட்டத் தொடங்கினார். கொட்டிய பணம் சுமார் 80,000 பவுண்டு. வேலை முடியும் முன்பே நொடித்துப்போனார். அதை 1867-ல் 10,000 பவுண்டுக்கு வாங்கித்தான் கல்லூரி ஆக்கினார்கள். 1872 அக்டோபரில் 26 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. அரசு உதவி கிடையாது. 1875 அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பல்கலைக்கழக ஞாயிறு என்று அறிவித்து, நாடு முழுக்கச் சேப்பல்களில் (அரசுத் திருச்சபையைச் சேராத சிறு தேவாலயங்களில்) காசு சேர்த்தார்கள். சுமார் 70,000 பேர் கொடுத்தது 3,000 பவுண்டுக்குச் சற்று அதிகம். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்; வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒரு ஷில்லிங்கூட வரவில்லை.

அந்தக் காலப் பட்டியல் ஒன்றைப் பெரிதாக்கி உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்று மூன்று ஒடுங்கிய பத்திகள். மேலே இரண்டு மூன்று வரிகளில்தான் பவுண்டு. அதற்குக் கீழே அந்தப் பத்தி வெறுமையாகவே இறங்கிக்கொண்டு போகிறது, பக்கத்துப் பத்திகளில் மட்டும் சின்னச் சின்ன எண்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லூரி வாசலை மிதித்திருப்பார்கள்?

கல்லூரியில் நடந்த 1885 ஜூலை 9-ம் தேதித் தீ விபத்தையும் தேடிப் படியுங்கள். மூன்று பேர் இறந்தார்கள், கட்டடத்தில் பெரும்பகுதி எரிந்துபோனது. அதற்குள் கார்டிஃபிலும் பாங்கரிலும் புதிய கல்லூரிகள் வந்திருந்ததால், அபெரிஸ்ட்வித் கல்லூரி இனி எதற்கு என்ற கேள்வியும் இருந்தது. ஆனாலும் மறுபடி காசு சேர்த்துக் கட்டினார்கள்.

தேடும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அபெரிஸ்ட்வித் என்ற ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் இப்போது இரண்டாவது 'ஒய்' (y) வரும் இடத்தில் அன்று பலரும் 'ஐ' (i) போட்டு எழுதினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையான அபெரிஸ்ட்வித் அப்சர்வரின் தலைப்பே அப்படித்தான். நான் முதல் வாரம் முழுக்க இன்றைய எழுத்தில் மட்டுமே தேடி, பாதிச் செய்திகளைத் தவறவிட்டேன். அப்புறம், வெல்ஷ் மொழிப் பத்திரிகைகளை ஒதுக்கிவிடாதீர்கள். சேப்பல்காரர்கள் வீட்டில் படித்தது அவற்றைத்தான். வெல்ஷில் கல்லூரிக்கு 'கோலெக்' (coleg), தீக்கு 'தான்' (tân). இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே நான் நிறையத் தூரம் போனேன், மிச்சத்துக்கு மொழிபெயர்ப்புச் செயலி.

பேராசிரியர்களின் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் வேண்டுமென்றால் நேரில்தான் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அன்று ஊர் எப்படிப் பேசியது என்று கேட்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தாராளமாக ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

இந்த வாரம் பாங்கர் கல்லூரியைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். 1884-ல் 58 மாணவர்கள். கல்குவாரித் தொழிலாளிகள் வாரக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு. முதல் வகுப்புகள் நடந்த பென்ரின் ஆர்ம்ஸ், அதுவும் ஒரு பழைய ஹோட்டல்தான்.