காட்பாடியில் ஹெட்லைட் சரிசெய்தேன்

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வாராவாரம் ராத்திரியில் வேலூர் வருகிறேன். வேறொரு கடையில் மாட்டிய எல்இடி பல்பு வெள்ளைவெளேரென எரிந்தது, ரோடுதான் தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் திட்டினார்கள். ஹாலஜன் பல்புக்கான ரிஃப்ளெக்டரில் (பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணம்) எல்இடி போட்டால் வெளிச்சம் சிதறத்தான் செய்யும். காட்பாடி சந்துக்குள் இருக்கும் வண்டி எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் அதைக் கழற்றி, பழையபடி 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்பு போட்டார். டயரில் காற்று பார்த்தார், என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டி. லைட் உயரத்துக்குச் சாக்பீஸ் கோடு. லோ பீம் (தாழ்ந்த வெளிச்சம்) சுவரில் விழும் மேல் விளிம்பு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை பொறுமையாக ஸ்க்ரூவைத் திருகினார். நேற்று ரோட்டோரம் நின்ற மாட்டைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அவரிடம் இருட்டிய பிறகு போங்கள், வெயிலில் சுவரில் விளிம்பு தெரியாது.