மேற்கையா, மணிக்கட்டா? வீட்டுக்கு ஏற்ற பிரஷர் மெசின்

மாதாந்தக் கிளினிக்குக்குக் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ போகிறவர் வீட்டிலும் பிரஷர் பார்ப்பதென்றால், மேற்கையில் சுற்றும் மெசினையே வாங்கலாம். மணிக்கட்டு மெசின் சிறியது, சட்டைக் கையைச் சுருட்டத் தேவையில்லை. ஆனால் மணிக்கட்டு நெஞ்சு மட்டத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் இறங்கினாலே அளவு 7, 8 கூடிவிடும். மடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வீணாகப் பயப்படுவது இதனால்தான். கை மிகப் பருத்து, மேற்கையில் சுற்றும் எந்தப் பட்டியும் எட்டாதவருக்கு மட்டும் மணிக்கட்டு மெசின் உதவும்.

மேற்கை மெசினில் பிழை பெரும்பாலும் பட்டியால் வரும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவை அளந்துகொண்டு பாமசிக்குப் போங்கள்; வழமையான பட்டி 22–32 சென்ரிமீற்றர் கைக்குத்தான். சிறிய பட்டி கூட்டிக் காட்டும். கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 சென்ரிமீற்றர் மேலே நிற்கவேண்டும். கரண்ட் போனாலும் பார்க்கலாம், பற்றறியில் ஓடும்; பற்றறி இறங்கினால்தான் மெசின் குழம்பும்.

வயலால் வந்த உடனும், தேத்தண்ணி குடித்த உடனும் வேண்டாம். அரை மணி போகட்டும். சலம் கழித்துவிட்டு, கதிரையில் சாய்ந்து 5 நிமிடம் இருந்து, கதையாமல், 1 நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். ஒரு கிழமைச் சராசரி 135/85ஐத் தாண்டினால், அளவுகளை எழுதிவைத்த கொப்பியைக் கிளினிக்கில் காட்டுங்கள். குளிசையை நீங்களாகக் கூட்டவேண்டாம்.