வார்ப்புக்கு நம்பி வாங்கலாம், டீக்காலுக்கு ஒன்றை மட்டும்தான்: 1/144 உலோக விமானப் பொட்டலம்

ஒரே பொட்டலத்தில் முதல் உலகப்போர் விமானங்கள் இரண்டின் சின்ன மாதிரிகள், நாமே பூட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டியவை. ஒன்று பிரிட்டனின் சாப்வித் கேமல், இன்னொன்று ஜெர்மனியின் ஃபோக்கர் டி 7. ஒயிட் மெட்டல் என்கிற மென்மையான உலோகக் கலவையில் வார்ப்பு, 1/144 அளவு, அதாவது நிஜத்தில் 144-ல் ஒரு பங்கு, இரண்டுக்கும் தனித்தனி டீக்கால் தாள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலத்தில் அச்சிட்ட சின்னங்கள். தயாரிப்பாளர் பெயரை நான் போடவில்லை. ஒரே ஆள் வார்த்து, ஒரே ஆள் பொட்டலம் கட்டி அனுப்புகிற தொழில் இது. ஒரு தாள் சரியில்லை என்பதற்காக அவரைத் தெருவில் இழுக்க மனசு வரவில்லை. அதோடு இங்கே சொல்லும் நிறைகுறைகள் இந்த அளவில் வரும் உலோக கிட்கள் பலவற்றுக்கும் பொருந்தும், அதனால் யாருடையதை வாங்கினாலும் உதவும்.

முதலில் உலோகம். கேமலின் நிஜ இறக்கை அகலம் 8.53 மீட்டர், ஆக இந்த அளவில் 59 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறக்கையின் பின்விளிம்பு மெல்லியதாகவே வந்திருக்கிறது, இது உலோகத்தில் சாதாரண விஷயமில்லை. ரொம்ப மெல்லியதாக வார்த்தால் அச்சின் ஓரம்வரை உலோகம் ஓடாமல் பாதியில் நின்றுவிடும், அந்தப் பயத்தில் பலர் கனமாகவே விட்டுவிடுகிறார்கள். துணி மூடிய இறக்கையில் உள்ளே இருக்கும் விலா எலும்பு போன்ற சட்டங்கள் மெல்லத் தெரிகிற அந்த மேடுபள்ளமும் அளவாக இருக்கிறது. துப்பாக்கிகள் இரண்டையும் மூடி நிற்கும் அந்தத் திமிலும், கேமல் என்ற பெயரே அதனால் வந்ததுதான், சரியான இடத்தில் இருக்கிறது. சக்கர ஆரங்களை மட்டும் தேடாதீர்கள், நிஜத்திலும் அதன் மேல் துணி மூடித்தான் இருக்கும்.

பிசிறு உண்டு, ஆனால் தொல்லை இல்லை. உடலின் இரண்டு பக்கமும் அச்சு இணைந்த கோடு ஓடுகிறது, ஊசி அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். மேல் இறக்கையைத் தாங்கும் சின்னத் தூண்களான ஸ்ட்ரட்களின் மேல் இருக்கும் கோட்டை அரத்தால் தொடாமல் கத்தியின் முனையைச் சாய்த்துச் சுரண்டுவது நல்லது, அரம் அவற்றை வளைத்துவிடும். ஒயிட் மெட்டலில் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்: ஈரமாக அராவுங்கள், தூளை ஊதாதீர்கள், முடித்ததும் சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அராவியானதும் உறுப்புகளையும் சோப்புத் தண்ணீரில் ஒரு முறை தேய்த்துக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து ஒட்டி வந்த பவுடர் மிச்சமிருந்தால் பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் ப்ரைமர் அந்த இடத்தில் பிடிக்காது.

அப்புறம் இறக்கையைப் பற்றி ஒரு விஷயம், பொட்டலத்தோடு வந்த துண்டுத்தாளில் இது இல்லை. என் பொட்டலத்தில் கேமலின் மேல் இறக்கை இரண்டு ஓரமும் லேசாக மேல்நோக்கி வளைந்து வந்திருந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே, இரட்டை இறக்கை விமானம் என்றால் இப்படித்தானே இருக்கும் என்று அப்படியே ஒட்டத் தோன்றும். கேமலில் அப்படிக் கிடையாது. கீழ் இறக்கைதான் இரண்டு பக்கமும் 5 டிகிரி உயர்ந்து நிற்கும், மேல் இறக்கை தட்டையாக ஒரே நேர்கோடு. முன்னாலிருந்து பார்த்தால் நடுவில் அகன்று ஓரத்துக்குப் போகப் போகக் குறுகும் அந்த இடைவெளிதான் கேமலின் முகவெட்டே. மேல் இறக்கையை வளைந்தபடியே வைத்தால் ஓர ஸ்ட்ரட்கள் எட்டாது, எட்டவில்லை என்று ஸ்ட்ரட்களைக் குறை சொல்வீர்கள், அவை பாவம் சரியான நீளத்தில்தான் இருக்கின்றன. தட்டையான மேசை மேல் வைத்து விரலால் மெதுவாக அழுத்தினால் நிமிர்ந்துவிடும். முன்னும் பின்னுமாக ஆட்டி நிமிர்த்தாதீர்கள், இந்த உலோகம் ஒரு முறை வளையும், இரு முறை வளையும், அதற்குமேல் பொறுக்காது.

ஒட்டுவதில் சூப்பர் க்ளூவை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை. பிளாஸ்டிக் கிட்டில் பசை இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். உலோகத்தில் அது நடக்காது, பசை வெறும் இடைத்தரகர்தான். மேல் இறக்கையின் எடை முழுவதும் ஊசிமுனை அளவான சில தொடு இடங்களில் நிற்கிறது, கை தவறி ஒரு முறை விழுந்தால் போதும். இந்தக் கிட்டில் உடலும் கீழ் இறக்கையும் ஒரே வார்ப்பு என்பது பெரிய நிம்மதி. ஸ்ட்ரட்கள் உட்காரும் குழிகள் மட்டும் ஆழமே இல்லை, வெறும் அடையாளம். கைத்துரப்பணத்தில் 0.5 மில்லிமீட்டர் பிட் போட்டு அவற்றைக் கொஞ்சம் ஆழமாக்கிவிட்டால் மிச்ச வேலை பாதியாகிவிடும். விமானி இருக்கைக்கு முன்னால் நிற்கும் நடு ஸ்ட்ரட்களை முதலில் இருபாகப் பசையான எபாக்சியில் நிறுத்தி, அது இறுகும்வரை மேல் இறக்கையின் கோணத்தைச் சரிசெய்துகொண்டு, முழுக்கக் காய்ந்த பிறகு ஓர ஸ்ட்ரட்களைச் சூப்பர் க்ளூவில் செருகினால் அசையாமல் நிற்கிறது. சூப்பர் க்ளூவை ஏற்கெனவே பெயின்ட் அடித்த இடத்தில் தாராளமாக விட்டால் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளை பூத்துவிடும், குண்டூசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

இப்போது டீக்கால். கேமலின் தாளை நான் மனசாரப் பாராட்டுகிறேன். படலம் மெல்லியது, வெள்ளை மை கனமாக அடிக்கப்பட்டிருக்கிறது, அதனால் பிசி 10 என்கிற அந்த ஆலிவா காவியா என்று இன்னும் சண்டை தீராத நிறத்தின் மேலே வைத்தாலும் அடியில் இருப்பது தெரியவில்லை. வட்டச் சின்னத்தில் உள்ளே சிவப்பு, நடுவே வெள்ளை, வெளியே நீலம், மூன்றும் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. இது முக்கியம், ஏனென்றால் இதற்கு முன் நான் வாங்கிய வேறொரு தாளில் சிவப்பு மட்டும் நெற்றிப்பொட்டு ஓரமாக விலகின மாதிரி நின்றது. இன்னொரு நல்ல விஷயம், மேல்புறத்துக்கான வட்டங்களில் வெளியே மெல்லிய வெள்ளைக் கோடு உண்டு, கீழ் இறக்கையின் அடிப்புறத்துக்கானவற்றில் அது இல்லை. அடிப்புறம் வெளிர் துணி நிறம், அங்கே அந்தக் கோடு தேவையில்லை. தெரிந்தவர் வரைந்த தாள் இது.

பிரிட்டிஷ் விமானத்தில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. சின்னங்கள் மேல் இறக்கையின் மேல்புறத்திலும், கீழ் இறக்கையின் அடிப்புறத்திலும், உடலின் பக்கவாட்டிலும்தான். இரண்டு இறக்கைகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. ஆகவே முழுக்கப் பூட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் டீக்கால் வைக்கலாம், சாமணம் நுழையாத இடம் என்று எதுவும் வராது. உடல் பக்கவாட்டில் மட்டும் கீழ் இறக்கையின் பின்னால் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

வைக்கும் முறையில் புதிதாக ஒன்றுமில்லை, ஆனால் உலோகத்தில் சில படிகளைத் தாண்டவே முடியாது. பெயின்ட் காய்ந்ததும் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். மேட் பெயின்ட்டின் சொரசொரப்பில் காற்று மாட்டிக்கொண்டு படலத்துக்கு அடியில் வெள்ளியாக மின்னும், அதற்குப் பிறகு எதைத் தடவினாலும் முழுசாகப் போகாது. வெட்டும்போது அச்சிட்ட சின்னத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்டுங்கள், இந்தத் தாளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படலம் இருந்தாலும் விளிம்பு கொஞ்சம் அகலம். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து டிஷ்யூ மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தால் தானாக நழுவத் தொடங்கும். தண்ணீரிலேயே மிதந்து கழலும்வரை விட்டால் பின்னால் இருக்கும் பசையும் கரைந்து போய்விடும். வைக்கும் இடத்தில் டீக்கால் பிடிக்க உதவும் திரவமான மைக்ரோ செட் ஒரு சொட்டு, வைத்து, நகர்த்தி, ஈரத்தை ஒற்றி எடுத்து, மேலே படலத்தை இளக்கும் திரவமான மைக்ரோ சால். சால் தடவியதும் டீக்கால் சுருங்கி நெளிந்து கெட்டுப்போன மாதிரி தெரியும். அப்போது கை வைக்கக் கூடாது. அதுபாட்டுக்குக் காய்ந்தால் விலா மேடுகளின் மேல் இறங்கிப் படிந்து பெயின்ட் மாதிரியே ஆகிவிடும். கேமல் தாள் இதில் சொன்னபடி கேட்டது.

வாலில் இருக்கும் சுக்கானில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று பட்டைகள் வரும், நீலம் முன்பக்கம். அதற்கும் டீக்கால் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் சுக்கானின் விளிம்பில் அது மடிந்து பொருந்தவில்லை. முழுச் சுக்கானையும் வெள்ளை அடித்துவிட்டு நீலத்தையும் சிவப்பையும் தூரிகையால் போட்டால் சீக்கிரம் முடியும், விளிம்பும் சுத்தமாக வரும்.

ஃபோக்கரின் கதை வேறு. உலோகம் கேமலைவிட நன்றாகவே இருக்கிறது. தடித்த இறக்கை என்பதால் வார்ப்புக்கும் வசதி, எழுத்து வடிவில் நிற்கும் அந்த N ஸ்ட்ரட்கள் ஒரே துண்டாக வந்து தானாகவே சரியான கோணத்தில் நிற்கின்றன, இரண்டு இறக்கைக்கும் நடுவே இழுகம்பிகளும் கிடையாது. புதிதாக ஆரம்பிப்பவர் இதைத்தான் முதலில் பூட்ட வேண்டும். சக்கரங்களுக்கு நடுவே அச்சை மூடி நிற்கும் குட்டி இறக்கையைக்கூட விடாமல் வார்த்திருக்கிறார்.

இவ்வளவு செய்தவர் டீக்காலில் கோட்டைவிட்டது ஏன் என்று புரியவில்லை. ஜெர்மன் விமானங்களின் இறக்கைத் துணியில் பல நிறப் பலகோணங்கள் அச்சிடப்பட்டிருக்கும், லாசெஞ்ச் என்பார்கள். துணி நெய்த இடத்திலேயே அச்சிட்டு வந்ததால் தனியாகப் பெயின்ட் அடிக்கும் நேரமும் எடையும் மிச்சம். மேல்புறத்துக்கு அடர்ந்த நிறங்கள், அடிப்புறத்துக்கு வெளிறிய நிறங்கள். இந்தத் தாளில் இரண்டுக்கும் ஒரே நிறம், அதுவும் கண்ணைக் குத்துகிற ஊதா. படலமும் தடிமன், மைக்ரோ சால் இரண்டு மூன்று முறை தடவியும் விலா மேடுகளில் படியாமல் பாலம் கட்டி நின்றது. ஜெர்மன் சின்னமான சிலுவைகளுக்கு வெள்ளை ஓரம் உண்டு, ஆனால் வெள்ளை மை இல்லாத பிரிண்டரில் அடித்திருப்பார் போலிருக்கிறது, லாசெஞ்ச் மேல் வைத்ததும் வெள்ளைக்குப் பதில் அடியில் இருக்கும் பலகோணங்கள் தெரிகின்றன. சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கொடுத்திருக்கும் சிலுவையே நுனி அகன்று வளைந்த பழைய வடிவம். 1918 வசந்தத்தில்தான் டி 7 போர்முனைக்கே வந்தது, அதற்குள் நேர்க்கோட்டுச் சிலுவைக்கு மாறச் சொல்லி உத்தரவு போயாகிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கல், லாசெஞ்ச் எல்லாப் பரப்பிலும் வருவதால் கேமல் மாதிரி பூட்டிவிட்டு டீக்கால் வைக்க முடியாது. மேல் இறக்கையின் அடிப்புறத்தையும் கீழ் இறக்கையின் மேல்புறத்தையும் பூட்டுவதற்கு முன்பே முடித்து, ஸ்ட்ரட் குழிகளின் மேல் படிந்த படலத்தைக் குத்தித் திறந்து, அதன் பிறகுதான் ஒட்ட வேண்டும். துண்டுத்தாளோ முதலில் பூட்டு, பிறகு டீக்கால் வை என்கிறது. அதைக் கேட்காதீர்கள். உடலுக்கு லாசெஞ்ச் போடாமல் ஒரே நிறம் அடித்துவிடலாம், அந்தக் காலத்து விமானிகள் தங்கள் இஷ்டத்துக்கு உடலை வர்ணம் பூசிக்கொண்டவர்கள்தான், யாரும் தவறென்று சொல்ல முடியாது. நான் இறக்கைக்கு வேறிடத்தில் லாசெஞ்ச் தாள் வாங்கி, வெளிர் நிற அடிப்பூச்சின் மேல் வைத்தேன், நிறம் மங்காமல் இருக்கிறது.

இழுகம்பிகள் பற்றிக் கேட்பார்கள். கேமலுக்கு வேண்டும்தான், ஆனால் இந்த அளவில் நிஜக் கம்பி கண்ணுக்கே தெரியாத தடிமன். மேசை மேல் வைத்து விளையாட வாங்குபவர் விட்டுவிடலாம், அலமாரியில் வைப்பவர் நீண்டு சுருங்கும் மெல்லிய இழையைப் போட்டால் கை பட்டாலும் அறாது.

பொட்டலமாக வாங்கத் தேவையில்லை, இரண்டும் தனித்தனியாகவும் கிடைக்கின்றன. கேமலை டீக்காலோடு எடுங்கள். ஃபோக்கரை டீக்கால் இல்லாமல் வெறும் உலோகமாகத் தருவாரா என்று எழுதிக் கேட்டேன், தருகிறேன், விலையும் குறைவு என்றார்.