ஐந்துக்கு மூன்றா, பத்துக்கு ஐந்தா?

எங்கள் கோப்பாய் ஜேர்சிக் கலப்பு மாட்டின் நாரியைத் தடவிய பக்கத்து வீட்டு ஐயா, "தம்பி, எலும்பு குத்துது, புண்ணாக்கைக் கூட்டு" என்றார். இதே தடவலை வைத்து மாட்டின் உடற்கொழுப்புக்குப் புள்ளி போடுவார்கள்; மெலிந்தால் குறைவு, கொழுத்தால் கூட. அமெரிக்காவில் 1 முதல் 5 வரை, கால் கால் புள்ளியாக. நியூசிலாந்தில் 1 முதல் 10. அங்கே கன்று ஈனும்போது வளர்ந்த பசுவுக்கு 5, தலையீற்றுக்கு 5.5 வேண்டும். அமெரிக்க அளவுக்கு மாற்ற அந்த 5ஐப் பாதியாக்கி 2.5 என்றால் பிழை. சரியான மாற்று ஏறக்குறைய 3.1. நான் அப்படி வகுத்துத்தான் (கணக்கில் புலி என்ற நினைப்பு!) ஒருமுறை மாட்டை மெலியவிட்டேன்.

எனக்கு அமெரிக்க முறையே வசதி. பக்கவாட்டில் நின்று இடுப்பெலும்பிலிருந்து வாலருகே உள்ள பின்னெலும்புவரை ஓடும் கோட்டைப் பார்ப்பேன்: கூராக இறங்கி ஏறினால் 3 அல்லது கீழே, வளைவாகக் குழிந்தால் 3.25 அல்லது மேலே. வைக்கலும் குழையும் தின்னும் இரண்டு மாட்டுக்கு அது போதும்.