ஓவியர்கள் கவனத்துக்கு: அனுமதி கேட்டு வந்து 18,000 ரூபாயை ஏமாற்றிய கடை

கோபத்தில் கை நடுங்குகிறது. இணையத்தில் காலண்டரும் காபிக் கோப்பையும் விற்கும் ஒரு பரிசுப்பொருள் கடை, என்னுடைய ஆறு கோட்டோவியங்களை அச்சடித்து விற்றுக்கொண்டிருக்கிறது. பேசிய தொகை 18,000 ரூபாய். ஒரு பைசா வரவில்லை.

ஆறும் நம்ம ஊர்ப் படங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர், சுலோச்சன முதலியார் பாலம், பாபநாசம் படித்துறை, பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு அம்மா, கிருஷ்ணாபுரத்துத் தூண் சிற்பம். ஆறாவது, வெள்ளத்துக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வரைந்தது. கல்லில் மோதித் தண்ணீர் பிரிகிற கோடுகளுக்கே பல ராத்திரி போனது.

அந்தக் கடைக்காரர் முதலில் முறையாகத்தான் கேட்டார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "உங்க அனுமதி இல்லாம ஒரு கோட்டைக்கூடத் தொடமாட்டோம் அண்ணாச்சி. நானும் பாளையங்கோட்டைக்காரன்தான்" என்றார். பேச்சோடு பேச்சாக அம்மாவின் முட்டுவலியையும் விசாரித்தார். படத்துக்கு 3,000, ஆறுக்கும் 18,000 என்று முடிவானது. அச்சில் எப்படி வரும் என்று பார்க்கப் பெரிய ஃபைல் வேண்டும், பார்த்த அன்றே பணம் போட்டுவிடுகிறேன் என்றார். அனுப்பினேன்.

அப்புறம் "இந்த வருஷம் காலண்டர் போடலை அண்ணாச்சி" என்று ஒரு குரல்பதிவு. சரி, வியாபாரத்தில் நடப்பதுதான் என்று விட்டுவிட்டேன். நேற்று வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைச் சுவரில் என் தேர் தொங்குகிறது! மற்ற ஐந்து படங்களிலும் ஓரத்தை வெட்டி என் கையெழுத்தை எடுத்துவிட்டார்கள். தேரில் மட்டும் சக்கரத்துக்குள் போட்டிருந்ததால் தப்பித்தது.

போன் போட்டால் முதலில் "டிசைனரைக் கேட்டுச் சொல்றேன்". அடுத்து "கூகுள்ல கிடந்த படம்". வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய ஃபைலைக் காட்டியதும் "போன்ல சரின்னு சொன்னீங்களே, அதுவே அனுமதிதானே". கடைசியில் "உங்களுக்கும் விளம்பரம்தானே அண்ணாச்சி". அதோடு பிளாக். பெயரை வெட்டி எறிந்துவிட்டு என்ன விளம்பரம்? 18,000 ரூபாய் என் ஒரு மாத வீட்டுச் செலவு.

வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்த உடனேயே உரிமை நம்முடையது, பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாமாம்.

இன்னும் விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பணம் வருமுன் பெரிய ஃபைலைக் கொடுக்காதீர்கள். சிறிதாக்கி, குறுக்கே பெயர் போட்டு அனுப்புங்கள். எதற்கு, எத்தனை பிரதி, எவ்வளவு காலம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்தை ஓரத்தில் போடாதீர்கள். சண்டை போடுவதற்கு முன் கடைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

இந்தக் காலண்டரை யாராவது வாங்கியிருந்தால், ரசீதையும் அச்சகப் பெயர் உள்ள தாளையும் படமெடுத்து அனுப்புங்கள். கடைக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீசில் சேர்க்க வேண்டும்.