ஓர் ஆளா, இரண்டு ஆளா: கா-50உம் மி-28உம்

மி-24க்கு அடுத்த தாக்குதல் ஹெலிகாப்டர் வேண்டுமென்று 1976இல் சோவியத் அரசு கேட்டதும், மில், கமோவ் இரண்டு வடிவமைப்பகங்களும் களத்தில் இறங்கின. இரண்டின் மாதிரிகளும் 1982இல் பறந்துவிட்டன.

மில் தெரிந்த வழியிலேயே போனது. மி-28இல் முன்னிருக்கையில் ஆயுதங்களைக் கையாள்பவர், பின்னால் சற்று உயரத்தில் விமானி. வாலில் சிறு சுழலி. வால்பகுதியில் ஓர் அறையும் உண்டு; ஹெலிகாப்டர் விழுந்து தரையில் தவிக்கும் சகாக்கள் இரண்டு மூன்று பேரை அதில் திணித்து அழைத்து வரலாம்.

கடற்படைக்கே ஹெலிகாப்டர் செய்து பழகிய கமோவ், தன் கா-50இல் விமானி ஒருவரை மட்டும் உட்கார வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிராகச் சுற்றும் இரு சுழலிகளை வைத்தது. வால் சுழலி இல்லாததால் இன்ஜின் சக்தி அங்கே வீணாகாது, அடிபட்டுப் போகும் பயமும் இல்லை. பீரங்கி இரண்டிலும் ஒன்றுதான்: பி.எம்.பி-2 கவச வண்டியின் 30 மி.மீ. 2ஏ42. மி-28இல் அது மூக்கின் கீழ் திரும்பும். கா-50இல் உடலின் வலப்பக்கம் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். ஹெலிகாப்டரே திரும்பிக் குறிபார்க்கும். அதனால் சுடும்போது அதிர்வு குறைவு, குறியும் துல்லியம்.

கா-50இல் ஆபத்தென்றால் முதலில் வெடிமருந்து சுழலி இறக்கைகளைப் பிய்த்தெறியும். பிறகு ராக்கெட் ஒன்று விமானியை மேலே இழுத்துக்கொண்டு போகும். இதைக் கேட்டு வாய்பிளந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் மேலும் கீழுமான இறக்கைகள் மோதிக்கொண்டால்? 1998இல் ஜெனரல் பரீஸ் வரபியோவ் கா-50இல் அப்படித்தான் உயிரிழந்தார்.

என் குறை சுழலியில் இல்லை, இருக்கையில். ஒரே ஆள் மரங்களை உரசுகிற உயரத்தில் ஓட்டிக்கொண்டே எதிரியைத் தேட வேண்டும், ஏவுகணையையும் விட வேண்டும். இலக்கைப் பின்தொடரும் வேலையைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும் என்பது கமோவின் கணக்கு. செச்சினியா போருக்கு இரண்டு கா-50கள் போனபோது, இலக்கு காட்டுவதற்கென்று கமோவின் இன்னொரு ஹெலிகாப்டரான கா-29 ஒன்று கூடவே பறந்தது. இரண்டாவது ஜோடிக் கண்களை உள்ளேயே உட்கார வைத்திருக்கலாமே!

போட்டியில் வென்றது கமோவ்தான். ஆனால் கா-50 மிகச் சிலவே கட்டப்பட்டன. தோற்ற மி-28, இரவிலும் போரிடும் மி-28என் ஆகத் திரும்பி வந்து 2009இல் படையில் சேர்ந்தது. கமோவும் கா-52 என்று இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது. அந்த இரண்டு இருக்கைகளும் ஆளை வெளியே இழுப்பவைதான்; அதை மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை.