ஒரே ரிப்போர்ட்டா, டாக்டருக்கு ஒரு ரிப்போர்ட்டா?

சி.டி., அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுக்கும் சிறிய ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. மென்பொருளை மாற்றியபோது ஒரு கேள்வி வந்தது. எல்லா டாக்டர்களுக்கும் ஒரே அமைப்பில் ரிப்போர்ட் அனுப்புவதா, நோயாளியை அனுப்பிய டாக்டருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புவதா? இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, இப்போது மூன்றாவது வழி ஒன்றில் நிற்கிறோம். நான் அதன் பக்கம்தான்.

கிட்னி கல்லுக்கு எடுக்கும் சி.டி.யையே பார்ப்போம். வலது சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 9 மி.மீ. கல். யூராலஜிஸ்ட்டுக்கு அளவும் இடமும் மட்டும் போதாது. கல்லின் அடர்த்தி எத்தனை ஹெச்.யூ. (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு), தோலிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேட்பார். அடர்த்தி 1000-ஐத் தாண்டினாலோ, ஆழம் 10 செ.மீ.க்கு மேல் போனாலோ லித்தோவில், அதாவது வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் சிகிச்சையில், கல் உடையும் வாய்ப்பு குறைவு. லித்தோவா, உள்ளே கருவி செலுத்தி எடுப்பதா என்று முடிவெடுக்க அவருக்கு இந்த எண்கள் வேண்டும். அதே ஸ்கேனை இரவு டியூட்டி டாக்டர் பார்த்தால் அவருடைய கேள்விகள் வேறு: கிட்னி வீங்கியிருக்கிறதா, அப்பெண்டிக்ஸ் நன்றாக இருக்கிறதா? குடும்ப டாக்டருக்கோ, மாத்திரை கொடுத்துக் காத்திருக்கலாமா, உடனே யூராலஜிஸ்ட்டிடம் அனுப்ப வேண்டுமா என்பது தெரிந்தால் போதும்.

ஒரே அமைப்பில் எழுதினால் இவை எல்லாமே ரிப்போர்ட்டில் இருக்கும், ஆனால் தேட வேண்டும். ஓ.பி. நடுவே, இரண்டு நோயாளிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில், வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப்.பை டாக்டர் போனிலேயே திறக்கிறார். முதல் திரையில் தெரிவது நோயாளியின் பெயர், வயது, ஸ்கேன் எடுத்த முறை. உடனே எனக்கு போன்: "டாக்டர், ஹெச்.யூ. எவ்வளவு?" அந்த எண் ஆறாவது வரியிலேயே இருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் டாக்டருக்கு ஒரு டெம்ப்ளேட் (மாதிரிப் படிவம்) என்று ஆரம்பித்தோம். பலன் உடனே தெரிந்தது. போன்கள் குறைந்தன, டாக்டர்களுக்கும் சந்தோஷம். ஒருவர் கிட்னியை முதலில் கேட்டார், இன்னொருவர் இம்ப்ரெஷனை (முடிவுரையை) மேலே கேட்டார், எல்லாம் செய்து கொடுத்தோம். சில மாதங்களில் டெம்ப்ளேட்டுகள் இருபதைத் தாண்டிவிட்டன.

தொல்லை அப்புறம்தான் தொடங்கியது. பராமரிப்பைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒருநாள் ஒரு சர்ஜன் கூப்பிட்டார்: "டாக்டர், அந்த அம்மாவுக்குப் பித்தப்பையை நான்தானே எடுத்தேன்? உங்க ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கே!" டெம்ப்ளேட்டில் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்த வரி அது. இல்லாத பித்தப்பையை இயல்பானது என்று எழுதி, கீழே நான் கையெழுத்தும் போட்டிருந்தேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. இத்தனைக்கும், அந்த வரியைப் பொது டெம்ப்ளேட்டிலிருந்து இரண்டு மாதம் முன்பே எடுத்துவிட்டோம். சர்ஜனுக்காக நகலெடுத்து வைத்த டெம்ப்ளேட்டில் அது அப்படியே தங்கிவிட்டது.

தைராய்டிலும் இதே கதை. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட, தைராய்டு கட்டிகளைச் சந்தேகத்தின் அளவுக்கேற்ப வகைப்படுத்தும் டைராட்ஸ் முறைப்படி, மூன்றாம் வகைக் கட்டி 2.5 செ.மீ., நான்காம் வகை 1.5 செ.மீ., ஐந்தாம் வகை 1 செ.மீ. அளவை எட்டினால்தான் ஊசிப் பரிசோதனை. எங்கள் டெம்ப்ளேட்டுகளில் சில இதற்கு மாறியிருந்தன, சிலவற்றில் 1 செ.மீ. என்ற பழைய பொது வரியே இருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் நான்காம் வகை, 1.2 செ.மீ. ஒருவருக்கு ஒரு வருடம் கழித்து மறு ஸ்கேன் என்று போனது, இன்னொருவருக்கு ஊசி என்று போனது. வித்தியாசம் கட்டியில் இல்லை, அனுப்பிய டாக்டரின் பெயரில் இருந்தது. எது யாருடைய டெம்ப்ளேட் என்று மனப்பாடமாக வைத்திருந்த டைப்பிஸ்ட் அக்காவும் வேலையை விட்டுப் போன பிறகு, ஒரு வரியைத் திருத்தவே அரை நாள் ஆனது.

இப்போது செய்வது இதுதான். ரிப்போர்ட்டின் உடல் எல்லோருக்கும் ஒன்று. தலையில் வரும் நாலைந்து வரிகள் மட்டும் மாறும், அதுவும் ஆளுக்கு ஏற்ப அல்ல, துறைக்கு ஏற்ப. யூராலஜி, சர்ஜரி, அவசரப் பிரிவு, பொது மருத்துவம் என்று நான்கே தலைகள். அளவும் ஹெச்.யூ.வும் உடலில் ஒரு கட்டத்தில் ஒருமுறைதான் டைப் ஆகும், தலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பித்தப்பைக்கு முன்கூட்டிய வரி கிடையாது. இருக்கிறதா, அகற்றப்பட்டதா என்று தேர்ந்தெடுக்காமல் ரிப்போர்ட் வெளியே போகாது. டைராட்ஸ் அளவு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. நம் ஊர் நோயாளிகள் ஸ்கேன் கவரைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போவார்கள். ஒருவருக்காகச் சுருக்கிய ரிப்போர்ட் மற்றவருக்குப் பயன்படாது. உடல் முழுதாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் பின்பற்றும், மருத்துவப் பதிவுகளைக் கணினிகளுக்கிடையே பரிமாறுவதற்கான ஃபயர் (FHIR) தரத்திலும் ரிப்போர்ட்டின் முடிவுரைக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, எங்கள் தலைப்பகுதி அதில் சரியாக உட்கார்கிறது.

குறைகளும் இருக்கின்றன. தனக்கென டெம்ப்ளேட் வைத்திருந்த இரண்டு டாக்டர்களுக்கு வருத்தம்தான். ஒருவர் இன்னும் பழைய வரிசையைக் கேட்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் வருபவர்களுக்கு எந்தத் தலை என்ற குழப்பம் வருவதால், பொது மருத்துவத் தலையையே போடுகிறோம். எங்களிடம் எம்.ஆர்.ஐ. இல்லை, புற்றுநோய் ரிப்போர்ட்டுகளும் அதிகம் எழுதுவதில்லை, அதனால் அங்கேயும் நான்கு தலைகள் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரே தன் திரையில் வரிசையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

குழந்தை மருத்துவத்துக்கான ஐந்தாவது தலை பாதியில் நிற்கிறது. கிட்னியின் இயல்பான நீளம் குழந்தையின் வயதுக்கு வயது மாறும். அந்த அட்டவணையை உடலில் வைப்பதா, தலையில் வைப்பதா என்று இந்த வாரம் பேசிக்கொண்டிருக்கிறோம். உடலில்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.